அறிவியல் ஆசிரியருக்கு எதற்கு மொழிப் பயிற்சி?

மொரீஷியஸில் ஆறாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் கோவில் வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒரே மாதிரிப் பேச்சுதான் கேட்கும். "பிள்ளைக்கு ஆங்கிலம் போதவில்லை" என்பார் ஒருவர். "ஆசிரியரே வகுப்பில் கிரியோலில் பேசினால் ஆங்கிலம் எப்படி வரும்?" என்பார் இன்னொருவர். கிரியோல் என்பது பிரெஞ்சை அடியாகக் கொண்டு இந்தத் தீவில் உருவான பேச்சுமொழி. இருமொழி மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது என்று சொன்னால், அதை ஆசிரியர்களுக்கான ஆங்கிலப் பேச்சு வகுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாடத்தைக் கிரியோலில் மொழிபெயர்த்துச் சொல்லும் பழக்கத்துக்கு ஒரு கௌரவப் பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குப் பாடத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஏற்பாடு என்பதும் பரவலான எண்ணம்.

இந்த எண்ணங்களால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தான். அதனால் இதை அடியிலிருந்து விளக்க விரும்புகிறேன். ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் ஒரு மொழி ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டெடுத்துப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கும் திறனைத்தான் இந்தப் பயிற்சி ஆசிரியருக்குத் தருகிறது.

இங்கே ஒரு பிள்ளை எத்தனை மொழியில் வாழ்கிறது?

வெளிநாட்டுத் தமிழ் வாசகர்களுக்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸ் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் வீட்டு மொழி கிரியோல். தமிழ் வழிபாட்டிலும் பெயர்களிலும் உறவுமுறைகளிலும் உணவிலும் இருக்கிறது. பள்ளியில் விருப்பப் பாடமாகவும் இருக்கிறது. ஆனால் பிள்ளை கோபத்தில் கத்துவதும் கனவில் பேசுவதும் கிரியோலில்தான். தமிழர்களுக்கு மட்டும் உரிய நிலை இல்லை இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கிரியோலையே வீட்டு மொழியாகக் கூறினார்கள். ஆங்கிலத்தை வீட்டில் பேசுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் பிரெஞ்சின் செல்வாக்கு அதிகம். பாடநூலும் தேர்வும் ஆங்கிலத்தில். 1957ஆம் ஆண்டின் கல்வி விதிகளின்படி முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைக்குப் பொருத்தமான எந்த மொழியையும் பயன்படுத்தலாம். நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் பயிற்றுமொழி ஆகிறது. கிரியோல் ஒரு விருப்பப் பாடமாகப் பள்ளிக்குள் வந்ததே 2012இல்தான்.

ஆகவே "இருமொழி மாணவர்" என்ற சொல்லை இரண்டு மொழிகளைச் சரளமாகப் பேசும் பிள்ளை என்று புரிந்துகொள்ளக் கூடாது. ஒரு மொழியில் வாழ்ந்துகொண்டு இன்னொரு மொழியில் பாடம் படிக்கும் எந்தப் பிள்ளையும் இருமொழி மாணவரே. அந்தக் கணக்கில் இந்தத் தீவின் ஏறத்தாழ எல்லா வகுப்பறைகளும் இருமொழி வகுப்பறைகள்தான்.

திட்டுக்கு உள்ளேயும் வெளியேயும்

இந்தத் தீவை ஏறத்தாழ முழுவதுமாகச் சுற்றிப் பவளத் திட்டு ஓடுகிறது. திட்டுக்கு உள்ளே நீர் ஆழமில்லை. மீனவர் தம் சிறு படகில் நின்றபடி நீண்ட கழியைத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டே எங்கும் போய்வருவார். அந்தக் கழியை அவர் கையாளும் அழகைப் பார்த்தால் கடலையே வென்றவர் என்று தோன்றும். திட்டைத் தாண்டிவிட்டால் கழி தரையைத் தொடாது. அங்கே வேறு கருவி, வேறு பயிற்சி வேண்டும்.

மொழியிலும் இப்படி இரண்டு நீர்நிலைகள் உண்டு. "அதை இங்கே கொடு", "நேற்று ஏன் வரவில்லை?" போன்ற பேச்சில் நம் காலடியில் ஒரு தரை இருக்கிறது. எதிரில் பொருள் இருக்கிறது, கைச்சைகை இருக்கிறது, முகக்குறிப்பு இருக்கிறது, இருவருக்கும் தெரிந்த சூழல் இருக்கிறது. இதை உரையாடல் மொழி என்கிறோம். பாடநூலின் வாக்கியத்துக்கு இந்தத் தரை கிடையாது. எல்லாப் பொருளையும் சொற்களே சுமக்க வேண்டும். இதைப் பாடமொழி என்கிறோம்.

இந்த வேறுபாட்டைக் கல்வி உலகில் அழுத்தமாக முன்வைத்தவர் கனடாவின் ஜிம் கம்மின்ஸ். ஆண்டு 1979. ஆங்கிலம் பேசும் நாட்டில் குடியேறிய பிள்ளைகளுக்கு உரையாடல் மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது என்றும், பாடமொழியில் உடன்படிப்போரை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்றும் அவருடைய ஆய்வு காட்டியது. அந்தப் பிள்ளைகளைச் சுற்றிக் கடையிலும் தெருவிலும் ஆங்கிலம் இருந்தது. நம் பிள்ளைக்கு அது பெரும்பாலும் புத்தகத்துக்குள் மட்டுமே இருக்கிறது. ஓர் ஆண்டில் ஆங்கிலம் வரவில்லை என்று அந்தப் பிள்ளையைக் குறை சொல்வது எவ்வளவு அநியாயம்!

சுருங்கச் சொன்னால், பிள்ளை ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பதை வைத்து அதற்கு அறிவியல் பாடநூல் புரியும் என்று முடிவுகட்டக் கூடாது. பாடநூல் புரியவில்லை என்பதை வைத்து அறிவு குறைவு என்று முடிவுகட்டுவது அதைவிடப் பெரிய தவறு.

பாடமொழி கடினமாவது எப்படி?

கடினமான கலைச்சொற்கள்தான் காரணம் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கலைச்சொல்லை ஆசிரியர் எப்படியும் கரும்பலகையில் எழுதி, படம் போட்டு விளக்கிவிடுவார். சிக்கல் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது.

தமிழிலேயே பார்க்கலாம். "சூடு ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் வற்றும்." இது எந்தப் பிள்ளைக்கும் புரியும். இதையே பாடநூல் எப்படி எழுதும்? "வெப்பநிலை உயர்வு ஆவியாதல் வீதத்தை அதிகரிக்கிறது." முதல் வாக்கியத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்தன: சூடு ஏறியது, தண்ணீர் வற்றியது. இரண்டாவதில் இரண்டும் பெயர்ச்சொற்களாகிவிட்டன. "உயர்வு" என்பதும் "ஆவியாதல்" என்பதும் கையில் பிடிக்கும் பொருள்கள்போல ஒன்றையொன்று பாதிக்கின்றன. வினையைப் பெயராக்கி ஒரு நிகழ்ச்சியை ஒரு சொல்லுக்குள் அடைப்பதைப் பெயராக்கம் என்கிறோம். அறிவியலுக்கு இது தேவை. அளக்கவும் ஒப்பிடவும் வகைப்படுத்தவும் நிகழ்ச்சிகளுக்குப் பெயர் வேண்டும். ஆனால் வீட்டில் எந்த மொழியிலும் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆகவே பள்ளி கற்றுத்தராவிட்டால் இது பிள்ளைக்கு வேறெங்கும் கிடைக்காது. ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைக்கும் இது புதிதுதான். நம் பிள்ளை இந்தப் புதுமையை அந்நிய மொழியில் வேறு சந்திக்கிறது.

அடுத்தது சின்னஞ்சிறு சொற்கள். "விலை 20 ரூபாய் குறைந்தது", "விலை 20 ரூபாயாகக் குறைந்தது." தமிழில் "ஆக" என்ற உருபு ஒன்றுதான் வித்தியாசம், கணக்கின் விடையோ தலைகீழ். ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை "பை", "டு" என்ற இரண்டு எழுத்துச் சொற்கள் சுமக்கின்றன. "அன்லெஸ்" (இல்லாவிட்டால்), "வேர்ஆஸ்" (மாறாக) போன்ற இணைப்புச் சொற்களும் அப்படித்தான். ஒளிச்சேர்க்கை என்ற சொல்லுக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குகிறோம். இந்தச் சொற்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. தேர்வில் பிள்ளை இடறி விழுவது இவற்றில்தான்.

கணக்கில் இதைத் தெளிவாகக் காணலாம். "ரவியிடம் 8 மாம்பழங்கள் உள்ளன. இது மாலாவிடம் உள்ளதைவிட 3 அதிகம். மாலாவிடம் எத்தனை?" என்று கேட்டால் பல பிள்ளைகள் 11 என்று எழுதும். "அதிகம்" என்ற சொல்லைக் கண்டதும் கூட்டத் தொடங்கிவிடும். 8இலிருந்து 3ஐக் கழிக்கத் தெரியாத பிள்ளை இல்லை அது. யாரை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்ற வாக்கிய அமைப்பு பிடிபடவில்லை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது கழித்தல் கணக்குகளை வீட்டுப் பாடமாகக் கொடுத்து என்ன பயன்?

எண்களின் பெயர்களே சில வேளை குறுக்கே நிற்கும். கிரியோல், பிரெஞ்சைப் போலவே, 74ஐ அறுபதும் பதினான்கும் சேர்ந்ததாகச் சொல்கிறது. ஆங்கிலம் எழுபதும் நான்கும் என்கிறது. ஆசிரியர் கிரியோலில் எண்ணைச் சொல்லும்போது பிள்ளை முதலில் 6 எழுதி, பிறகு அழித்து 7 எழுதினால், அது கவனக்குறைவால் வந்த தவறில்லை. காதில் விழுந்தது அறுபதுதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: பாடமொழி நிகழ்ச்சிகளைப் பெயராக்கி அடைக்கிறது, பொருளைச் சிறு சொற்களில் தொங்கவிடுகிறது, ஒவ்வொரு மொழியும் இதைத் தன் வழியில் செய்கிறது. தன் பாடத்தில் இவை எங்கெங்கே வருகின்றன என்று காணத் தெரிந்த ஆசிரியருக்கு, பிள்ளை எங்கே இடறும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும்.

மொழிபெயர்த்துச் சொன்னால் போதாதா?

நம் வகுப்பறைகளில் பரவலாக நடப்பது இதுதான். ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்கிறார், உடனே கிரியோலில் அதை விளக்குகிறார். பிள்ளை புத்திசாலி. எப்படியும் கிரியோல் வரும் என்று தெரிந்ததும் ஆங்கில வாக்கியத்தைக் காதில் வாங்குவதை நிறுத்திவிடுகிறது. பாடம் முடிந்ததும் கரும்பலகையில் உள்ள ஆங்கிலக் குறிப்பை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறது. கேட்டது கிரியோல், எழுதியது ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை தன் வாயால் எதையும் சொல்லிப் பார்க்கவே இல்லை. அந்த நடுப்பகுதி காலியாக இருப்பதுதான் நம் சிக்கலின் மையம் என்பது என் உறுதியான கருத்து.

இதைச் சரிசெய்ய ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று கட்டளையிடும் பள்ளிகளும் உண்டு. அங்கே வகுப்பு அமைதியாகிவிடுகிறது. தெரிந்ததைச் சொல்ல மொழியில்லாத பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. அந்த அமைதியை ஒழுக்கம் என்று பாராட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1990களில் வேறொரு வழியை எழுதினார். ஒரு மொழியில் படித்து, இன்னொரு மொழியில் பேசி எழுத வேண்டும். எப்போது எந்த மொழி என்பதை ஆசிரியர் நோக்கத்தோடு திட்டமிட வேண்டும். இதை ஊடுமொழிப் பயன்பாடு எனலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே மொழி மாற்றும் வேலையைப் பிள்ளை செய்கிறது என்பதுதான். ஆங்கிலத்தில் படித்ததைக் கிரியோலில் பக்கத்துப் பிள்ளைக்கு விளக்க வேண்டுமானால் முதலில் அது தனக்குப் புரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மொழி கலந்தால் மூளை குழம்பிவிடும் என்ற பயமும் தேவையில்லை. ஒரு மொழியில் புரிந்த கருத்து இன்னொரு மொழிக்கும் உதவும். அடர்த்தி என்றால் என்ன என்று கிரியோலில் புரிந்துகொண்ட பிள்ளை, ஆங்கிலத்தில் அதை மீண்டும் அடியிலிருந்து படிக்க வேண்டியதில்லை. அதற்கான சொல்லும் வாக்கியமும் கிடைத்தால் போதும்.

தமிழில் ஓர் அறிவியல் வகுப்பு

ஆசிரியர்களுக்கு இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், மறுநாள் பழையபடி நடத்துவார்கள். மாணவரின் இடத்தில் அவர்களை உட்காரவைக்க வேண்டும். இந்தத் தீவில் அதற்குத் தமிழே போதும். பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது.

பயிற்றுநர் உள்ளே வந்து, மிதத்தலும் மூழ்குதலும் பற்றித் தமிழில் பத்து நிமிடம் சாதாரண வேகத்தில் பேசுகிறார். கரும்பலகையில் தமிழில் குறிப்பு எழுதுகிறார். பிறகு ஒவ்வொருவரையும் பார்த்துத் தமிழில் கேள்வி கேட்கிறார். பட்டம் பெற்ற பெரியவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சிலர் எழுத்துகளைப் படம்போல வரைந்துகொள்கிறார்கள். "புரிந்ததா?" என்ற தொனி வந்ததும் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையசைக்கிறார்கள். தம் வகுப்பில் பிள்ளைகள் செய்வதையெல்லாம் தாமே செய்கிறார்கள் என்பது அவர்களுக்கே அப்போது தெரியும்.

பிறகு அதே பாடம் மீண்டும் நடக்கிறது, அதே தமிழில். இப்போது மேசைமேல் ஒரு வாளித் தண்ணீர், எலுமிச்சம்பழம், கல், நாணயம், மரத்துண்டு. பயிற்றுநர் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி அதன் பெயரைச் சொல்கிறார். எது மிதக்கும், எது மூழ்கும் என்று இருவர் இருவராகக் கிரியோலில் விவாதித்து முன்கூட்டியே முடிவுசெய்யச் சொல்கிறார். கரும்பலகையில் "____ மிதக்கும், ஏனென்றால் ____" என்று ஒரு வாக்கியச் சட்டகம் இருக்கிறது. வாக்கியச் சட்டகம் என்பது கோடிட்ட இடங்களோடு தரப்படும் பாதி வாக்கியம். அரை மணி நேரத்தில் ஒவ்வொருவரும் ஒரு தமிழ் வாக்கியம் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாம் முறை பாடம் எளிதாக்கப்படவில்லை. சொல்லப்போனால் முதல் முறையைவிட ஆழமாகப் போனது, ஏனென்றால் காரணமும் விவாதிக்கப்பட்டது. கூடியது உதவி மட்டுமே. இப்படித் தேவையான காலத்துக்கு மட்டும் தந்து, பிள்ளை தேறத் தேற விலக்கிக்கொள்ளும் உதவிக்குக் கல்வியியலில் சாரக்கட்டு என்று பெயர். 1976இல் உட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தச் சொல்லைப் பரப்பியது. விலக்கிக்கொள்வது மிக முக்கியம். ஆறாம் வகுப்பிலும் அதே கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நாம் உதவவில்லை, தடையாக இருக்கிறோம்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

காலியாகக் கிடக்கும் நடுப்பகுதி என்று முன்பு சொன்னேனே, அதை நிரப்பும் முறையைத்தான் பயிற்சியில் அதிக நேரம் செலவிட்டுக் கற்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் போலின் கிப்பன்ஸ் இதைத் தெளிவாக வகுத்தவர். பிள்ளைகள் முதலில் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு குழுவாகப் பேசுகிறார்கள். பிறகு, செய்ததை நேரில் பார்க்காத மற்றவர்களுக்கு எழுந்து நின்று சொல்கிறார்கள். கடைசியில் எழுதுகிறார்கள்.

முதல் கட்டத்தில் கிரியோல் தாராளமாக வரட்டும். இரண்டாம் கட்டத்தில்தான் ஆசிரியரின் திறமை தெரியும். ஒரு பிள்ளை எழுந்து, பாதி கிரியோலும் பாதி ஆங்கிலமுமாக, "கல் தண்ணீரைவிடக் கனம், அதனால் கீழே போச்சு" என்ற பொருளில் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அதைத் தடுக்காமல், ஏற்றுக்கொண்டு, ஆங்கிலத்தில் முழுமையாக்கிச் சொல்கிறார்: "ஆமாம், கல் அதே அளவு தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே மூழ்குகிறது." பிள்ளையைத் திரும்பச் சொல்லவைக்கிறார். இப்படிப் பிள்ளை சொன்னதையே செம்மையாகத் திருப்பிச் சொல்வதை மறுவார்ப்பு என்பார்கள்.

இங்கே "அதே அளவு" என்ற இரண்டு சொற்கள் வந்து சேர்ந்ததைக் கவனியுங்கள். அது மொழித் திருத்தமா, அறிவியல் திருத்தமா? ஒரு வாளித் தண்ணீர் ஒரு சிறு கல்லைவிடக் கனம்தான், ஆனாலும் கல் மூழ்குகிறது. "அதே அளவு" இல்லாவிட்டால் அறிவியலே தவறு. இரண்டையும் பிரிக்க முடியாது என்பதால்தான் மொழிப் பகுதியை மொழி ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று அறிவியல் ஆசிரியர் ஒதுங்க முடியாது. பிரிட்டனில் 1975இல் வெளிவந்த புல்லக் அறிக்கை இதைப் பள்ளி முழுவதற்குமான கொள்கையாகவே கேட்டது: எல்லாப் பாட ஆசிரியர்களும் மொழிக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இதற்காகப் பாடக் குறிப்பில் ஒரு வரி கூடுகிறது. "எதனால் பொருள்கள் மிதக்கின்றன என்று அறிதல்" என்ற பாட நோக்கத்துக்குக் கீழே, "ஏனென்றால், ஆகவே ஆகியவற்றைக் கொண்டு காரணம் கூறுதல்" என்ற மொழி நோக்கம். எந்த வாக்கிய அமைப்பு இல்லாமல் இன்றைய பாடத்தைப் பேசவே முடியாது என்று ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொண்டால் அந்த வரி கிடைத்துவிடும்.

காத்திருப்பதும் ஒரு பயிற்சிதான். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியபோது விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். கேள்வியை ஒரு மொழியில் கேட்டு, இன்னொன்றில் யோசித்து, மறுபடி முதல் மொழியில் விடை தேடும் பிள்ளைக்கு அந்த விநாடிகள் எவ்வளவு தேவை!

விடைத்தாளை இரண்டு முறை படிப்பது

ஒரு விடைத்தாளில் பிழையற்ற ஆங்கிலம், நோட்டிலிருந்து மனப்பாடம். இன்னொன்றில் காலமும் ஒருமை பன்மையும் தவறு, ஆனால் தண்ணீர் ஏன் வற்றியது என்ற காரணம் சரி. ஒரே ஒரு மதிப்பெண் போடும் ஆசிரியர் முதல் பிள்ளையை உயர்த்தி இரண்டாவதைத் தாழ்த்திவிடுவார். வகுப்புத் தேர்வுகளில் கருத்துக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் குறிக்கக் கற்க வேண்டும். அப்போதுதான் அடுத்த வாரம் யாருக்கு எதைச் சொல்லித்தருவது என்று தெரியும். பொதுத்தேர்வு இந்தச் சலுகையைத் தராது, உண்மைதான். பலவீனம் கருத்திலா மொழியிலா என்பதைப் பொதுத்தேர்வுக்கு முன்பே கண்டுபிடிக்கத்தான் இந்த முறை.

எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே தேர்வு என்றால் சமத்துவம் வந்துவிட்டது என்பாருக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் வழக்கில் சொன்னது நல்ல பதில். பயிற்றுமொழி புரியாத பிள்ளைக்கு அதே வசதிகளைத் தருவதால் மட்டும் சமவாய்ப்பு கிடைத்துவிடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

எவ்வளவு பயிற்சி, யாருடன்?

ஒரு நாள் கருத்தரங்கும் ஒரு சான்றிதழும் இதற்குப் போதா. ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, நடத்தி, சக ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, இருவரும் பேசி, மறுபடி நடத்தும் சுழற்சி ஓர் ஆண்டு முழுவதும் வேண்டும். நம் ஆசிரியர் கல்வி 1973இல் தொடங்கப்பட்ட மொரீஷியஸ் கல்வி நிறுவனத்தில் நடக்கிறது. தமிழ் முதலிய மொழிகளின் ஆசிரியர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் பொறுப்பேற்கிறது. பள்ளிக்குள்ளும் இந்தப் பிரிவு தொடர்கிறது. பொது ஆசிரியர் ஒரு பக்கம், மொழி ஆசிரியர் ஒரு பக்கம்.

இங்கேதான் தமிழாசிரியர்கள் முன்வரலாம். கிரியோல் பேசும் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கும் அவர்கள் படமும் பொருளும் சைகையும் வாக்கியச் சட்டகமும் இல்லாமல் ஒரு நாளும் பாடம் நடத்துவதில்லை. அடுத்த அறையில் அதே பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவியல் நடத்தும் பொது ஆசிரியருக்குத் தேவையான கைத்திறன் இவர்களிடம் இருக்கிறது. இரண்டு பேரும் ஆசிரியர் அறையில் ஒரே மேசையில் உட்கார்ந்து அடுத்த வாரத்துப் பாடத்தைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அறிவியலில் தாவரம் நடக்கும் வாரத்தில் தமிழ் வகுப்பிலும் வேரும் தண்டும் இலையும் வரட்டும். பிள்ளை ஒரு செடியைப் பார்த்து வரைந்து, கிரியோலிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர் எழுதிய ஒரே படத்தை இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து திருத்தட்டும்.